ஏழாம் படுக்கையின் நாடித்துடிப்பு

டிரைவர் எழுதுகிறேன் என்று சொன்னால் என் வேலைக்காலம் முழுவதும் யாருக்கும் புரிந்ததில்லை. சாந்தோமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெஜினா, உங்க கம்பெனியில நெறைய டிரைவருங்களாமே? குடிக்காதவரா ஒருத்தர் இருந்தா சொல்லும்மா. இவருக்குக் கண்ணு சரியாத் தெரியல, வண்டி சும்மா நிக்குது" என்றார். நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப ஆளு இல்ல" என்று போய்விட்டார்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் நெட்வொர்க் வயரைச் செருகும் இடத்துக்குப் பின்னால் ஒரு கார்டு இருக்கிறது. வயரில் வரும் தகவலைத் துண்டு துண்டாக, பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி உள்ளே கொடுப்பது அதன் வேலை. கார்டைச் செய்தவர் ஒருவர், கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளைச் செய்தவர் வேறொருவர். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. இருவருக்கும் நடுவே நிற்கும் நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். ஒழுங்காக ஓடினால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு, பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களோடு பேச வரச் சொல்லி அடையாறுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒரு பெண் கேட்டாள்: "மேடம், இப்ப இந்த கோடெல்லாம் பாதிக்கு மேல மெஷினே எழுதிக் குடுத்துடுது. நீங்கல்லாம் அப்ப நாள் பூரா என்னதான் பண்ணினீங்க?" கிண்டலில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எழுதியது கொஞ்சம்தான், எழுதியது ஏன் தப்பாக ஓடுகிறது என்று தேடியதுதான் அதிகம் என்றேன். ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றார்கள். அங்கே சுருக்கமாகச் சொன்னதை, அப்போது விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பொறியியல் முடித்து வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்தது செங்கல் தடிமனில் ஒரு புத்தகம், நெட்வொர்க் சிப்பின் விவரக் கையேடு. படித்தேன், எழுதினேன், திருத்தினார்கள், மறுபடி எழுதினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். எல்லோரும் அவரை வி.ஆர். என்றுதான் கூப்பிடுவோம். மயிலாப்பூரில் நான்கு தலைமுறையாக ஒரே தெருவில் இருக்கும் குடும்பம். எங்கள் கம்பெனியின் முதல் டிரைவரை எழுதியவர் அவர்தான். நாங்கள் எழுதியதை அச்செடுத்து, மேசை மேல் பரப்பி, நின்றுகொண்டேதான் படிப்பார். உட்கார்ந்தால் கவனம் போய்விடுமாம். தப்பைப் பார்த்தால் வாயைத் திறக்காமல் அந்த வரிமேல் பென்சிலை வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். நன்றாக இருந்தால் தாளை மடித்துத் திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான் பாராட்டு. அவர் எழுதிய கோடில் ஒரு எழுத்தை மாற்றுவதென்றாலும் அவரோடு வாதாடி ஜெயித்தாக வேண்டும். பெரும்பாலும் நாங்கள் ஜெயித்ததில்லை.

அவருடைய வழக்கமான கேள்வி ஒன்று உண்டு. யாராவது "இதனாலதான் இருக்கும் சார்" என்று ஆரம்பித்தால் உடனே குறுக்கிடுவார். "நீ பாத்தியா, இல்ல அப்படின்னு நெனச்சுண்டியா?"

தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் தீபாவளி நெரிசலின்போது பில் போடும் கம்ப்யூட்டர்கள் உறைந்துபோவதாகப் புகார் வந்தது. காலையில் நன்றாக இருக்கிறது, மாலையில் கூட்டம் ஏறியதும் நின்றுவிடுகிறது. கடை மேற்பார்வையாளர், "சார், ஆளு வந்து பாக்கறச்ச ஒழுங்கா ஓடுது, நீங்க போனதும் படுத்துக்குது" என்று அலுத்துக்கொண்டார். மறுநாள் மாலை வி.ஆர். யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போய், ஒரு வேட்டியை எடுத்துக்கொண்டு பில் வரிசையில் நின்றிருக்கிறார். தன் முறை வந்து, கண்ணெதிரே கம்ப்யூட்டர் நின்ற பிறகுதான், கையால் எழுதிய பில்லோடு வேட்டியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். தேடியதில் காரணம் தெரிந்தது: ஒவ்வொரு பாக்கெட் வரும்போதும் கார்டு டிரைவரை மணியடித்துக் கூப்பிடுகிறது. கூட்டம் அதிகமானால் மணிக்குப் பதில் சொல்லியே டிரைவருக்குப் பொழுது போய்விடுகிறது, வந்த பாக்கெட்டை எடுத்துக் கொடுக்க நேரமில்லை. கூட்டம் ஏறினால் மணியை நிறுத்திவிட்டு டிரைவரே அவ்வப்போது போய் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினோம். அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஆண்டு ஆயுத பூஜைக்கு அலுவலகம் வந்தார்.

இனி அந்த மருத்துவமனை விஷயம்.

மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். வார்டில் ஒவ்வொரு படுக்கையருகேயும் நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இவற்றைக் காட்டும் சிறு திரை இருக்கும். எல்லாப் படுக்கைகளின் எண்களும் நெட்வொர்க் வழியாக நர்ஸ் மேசையில் இருக்கும் ஒரு பெரிய திரைக்கு வரும். அந்தப் பெரிய திரைக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் எங்கள் கார்டும் டிரைவரும். அந்த நிறுவனம் பெட்டியை மாற்றி, வேகமான புதிய புராசஸர் போட்டிருந்தது. டிரைவரைப் புதிய பெட்டிக்குப் பொருத்திப் பார்த்து, எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று ஒப்புதல் கொடுத்தவர் வி.ஆர்.

கொஞ்ச நாளில் மயிலாப்பூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் இதய வார்டிலிருந்து புகார். பெரிய திரையில் எண்கள் சில சமயம் தப்பாக வருகின்றன, பெரும்பாலும் அடுத்த நொடியே சரியாகிவிடுகின்றன. கருவி நிறுவனத்தின் பொறியாளர் போய்ப் பார்த்துவிட்டு, கேபிள் கோளாறு என்று எழுதிவிட்டு வந்தார். கேபிளை மாற்றினார்கள். புகார் நிற்கவில்லை. வி.ஆர். என்னை அனுப்பினார்.

அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ் கலைச்செல்வி. பட்டினப்பாக்கத்துக்காரர். அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போகிறவர்கள், அவர் ஒருவர்தான் வீட்டில் படித்து நர்ஸானவர். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்களும் கேபிளப் பாக்க வந்தீங்களா மேடம்?"

"இல்ல, திரையப் பாக்க வந்தேன்."

"அப்ப குந்துங்க. சொல்லி வரவழைக்க முடியாது. அதுவா வரும்."

காலை முழுவதும் ஒன்றும் வரவில்லை. மதியச் சாப்பாட்டு வண்டி வந்து போனபின், ஏழாம் படுக்கையின் எண் திடீரென்று சிவப்பாகி மெல்லக் கூவியது. நாடித்துடிப்பு நூற்று நாற்பது. நான் எழுந்தே விட்டேன். கலைச்செல்வி எழவில்லை.

"தோ பாருங்க மேடம். ஏழாவது பெட்டு மன்சன் இன்னா பண்ணிக்கினு கீறாரு? பேப்பர் படிச்சிக்கினு கீறாரு. அவருக்கா நூத்தி நாப்பது?"

அதற்குள் எண் எழுபதுகளுக்குத் திரும்பிவிட்டது. நான் மற்றப் படுக்கைகளைப் பார்த்தேன். நான்காம் படுக்கையில் இருந்தவருக்கு அந்த நேரம் உண்மையிலேயே நூற்று நாற்பதை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது; மருத்துவர்கள் பார்த்துவிட்டு அவருக்கு மட்டும் எச்சரிக்கை எல்லையை உயர்த்தி வைத்திருந்தார்கள். அதைக் குறித்துக்கொண்டேன். அப்போது கலைச்செல்வி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இதாவது பரவால்ல மேடம். போன வாரம் ரெண்டாவது பெட்டு அம்மாவுக்கு மூச்சு வாங்குது. நான் தண்ணி எடுக்கப் போறச்ச தற்செயலா பாத்தேன். இங்க வந்து பாத்தா எல்லாம் பச்சையா கீது. கொஞ்ச நேரம் கழிச்சித்தான் சேப்பு வந்துச்சு. நான் அந்தப் பக்கம் போலன்னா இன்னா ஆயிருக்கும்?"

அதையும் குறித்துக்கொண்டு எழுந்தேன்.

அலுவலகத்துக்கு வந்து அதே பெட்டியை மேசைமேல் வைத்து ஓட்டினேன். எங்கள் வழக்கமான பரிசோதனை எல்லாவற்றிலும் தேறியது. மறுபடி ஓட்டினேன், மறுபடி தேறியது. வி.ஆர். வந்து எட்டிப் பார்த்து, "டிரைவர்ல ஒண்ணுமில்லையே?" என்றார். அவர் எதிர்பார்த்த பதில் எது என்பது தெரிந்தது. "இன்னும் தெரியல சார்" என்றேன்.

எங்கள் பரிசோதனையில் என்ன அனுப்புகிறோம் என்று பார்த்தபோதுதான் உறைத்தது. எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே தகவலை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்க வழியே இல்லை. எனவே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, தலையிலிருந்து வால்வரை அந்த எண்ணையே நிரப்பினேன். ஐந்தாம் பாக்கெட் என்றால் முழுக்க ஐந்து. வயரில் வருவதைத் தனியாக இன்னொரு கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். கார்டு சரிபார்த்துச் சொல்லும் முடிவையும் பதிவு செய்தேன். டிரைவர் மேலே கொடுப்பதையும் பதிவு செய்தேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

அகப்பட்டுவிட்டது. ஒரு பாக்கெட்டின் தலைப்பகுதி புதிய எண், நடுவில் ஒரு துண்டு மட்டும் அதே இடத்தில் முன்பு இருந்த பாக்கெட்டின் பழைய எண். வயரில் அந்தப் பாக்கெட் முழுசாகச் சரியாக வந்திருக்கிறது. கார்டும் சரி என்று முத்திரை குத்தியிருக்கிறது. எங்கள் கைக்கு வரும்போதுதான் பழையது ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைப்பகுதியில் படுக்கை எண், நடுப்பகுதியில் நாடித்துடிப்பு. அதனால்தான் ஏழாம் படுக்கையின் பெயரில் நான்காம் படுக்கையின் துடிப்பு. மூச்சு வாங்கிய இரண்டாம் படுக்கை அம்மாவின் பெயரில் வேறு யாருடைய நல்ல எண்ணோ பச்சையாக வந்ததும் இப்படித்தான். கார்டு சரிபார்த்துவிட்டது என்ற நம்பிக்கையில் அதற்கு மேல் எந்த மென்பொருளும் மறுபடி சரிபார்க்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் பழைய துண்டின் அளவு மிகச் சரியாக அறுபத்துநான்கு பைட். புராசஸர் தன் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு எடுத்துக் கையருகே வைத்துக்கொள்ளும் நகலின் அளவும் அதுதான். அந்த நகலுக்கு கேஷ் என்று பெயர். கார்டு புதிய தகவலை நினைவகத்தில் எழுதும்போது கேஷில் இருக்கும் நகல் பழசாகிவிடும். ஆகவே அதை எறிந்துவிடு என்று டிரைவர் சொல்ல வேண்டும். எங்கள் டிரைவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, கார்டு எழுத ஆரம்பிக்குமுன் ஒரு தடவை. பழைய புராசஸருக்கு அது போதும். புதியது, கேட்காத இடத்தையும் எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். நாம் எறியச் சொன்ன பிறகு, கார்டு எழுதி முடிக்குமுன், அந்த இடைவெளியில் பழையதையே மறுபடி எடுத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. கார்டு எழுதி முடித்தபின் இன்னொரு தடவை எறியச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி.

அந்த இடத்தில் இருந்த கோடு வி.ஆர். எழுதியது.

அச்செடுத்துக்கொண்டு போனேன். அவர் நின்றபடி படித்தார். பென்சிலை எடுத்தார், அதே வரியில் வைத்தார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது சரியான வரி" என்றார்.

"பழைய பெட்டியில சரி சார்."

"உன் வரியைச் சேத்தா தப்பு வரது நின்னுடறதா?"

"நின்னுடுது சார்."

"நின்னா போறாது. அதை எடுத்துட்டு ஓட்டு. மறுபடியும் பாக்கெட்ல பழசு கலந்து உடையணும். திரும்பச் சேத்தா நிக்கணும். நீ சேத்ததனால வேகம் கொஞ்சம் கொறைஞ்சு, அதனால மறைஞ்சிருக்கலாம். அந்த இடத்துல வெறுமனே தாமதம் பண்ற வரி ஒண்ணு போட்டு ஓட்டிப் பாரு. அப்பவும் உடையறதான்னு பாக்கணும்."

என்னை நம்பாமல் சொல்கிறாரோ என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது நியாயம். நான் ஓட்டினேன். அவரே பக்கத்தில் வந்து நின்றார். வரியை எடுத்தால் உடைந்தது. சேர்த்தால் நின்றது. வெறும் தாமதம் போட்டால் உடைந்தது. கடைசியில் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, தன் கையாலேயே அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினார். திரையில் ஒரே எண்ணாக ஓடிய வரிசையின் நடுவே பழைய எண் துருத்திக்கொண்டு வந்தது.

"புது பெட்டிக்கு ஒண்ணும் மாத்த வேண்டாம்னு கையெழுத்துப் போட்டவன் நான்தானே" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. பிறகு, "வா, எம்.டி.யைப் பாக்கலாம்."

எங்கள் எம்.டி. கெட்ட மனிதர் இல்லை. கம்பெனியைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் இருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "ஒரு வரிதானே? அடுத்த வெர்ஷன்ல சேத்து அனுப்பிடலாம். டெஸ்ட் பண்ணி முடிக்கற வரைக்கும் யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ரெஜினா, கேபிளும் ஒரு காரணமா இருக்கலாம்னு உங்க ரிப்போர்ட்ல ஒரு வார்த்தை சேத்துக்கலாம் இல்லையா? தப்பில்லையே?"

மென்மையாகத்தான் கேட்டார். மென்மையாகக் கேட்டதால் பதில் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது.

"கேபிள்ல சரியாத்தான் சார் வருது. அதைப் பதிவு பண்ணி வெச்சிருக்கேன். இருக்கலாம்னு எழுத முடியாது."

வி.ஆர். கேட்டார்: "டெஸ்ட் முடியற வரைக்கும் அந்த ஸ்க்ரீன் ஓடிண்டிருக்குமா?"

"கொஞ்ச நாள்தானே வி.ஆர்."

"அது பச்சையா காட்டறதுன்னு நம்பி ஒரு நர்ஸ் உக்காந்துண்டிருப்பா."

சொல்லிவிட்டு, எம்.டி.யின் மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்து, மருத்துவமனைக்கே நேரடியாகப் பேசினார். கண்காணிப்பாளரை லைனில் வரவழைத்து, தன் பெயரைச் சொல்லி, "உங்க இதய வார்டுல நர்ஸ் மேசையில இருக்கற பெரிய ஸ்க்ரீனை இப்பவே அணைச்சுடுங்கோ. படுக்கை பக்கத்துல இருக்கறது சரி, அதை நம்பலாம். தப்பு எங்களோடது. கேபிள் இல்ல" என்றார். எம்.டி.யின் முகம் சிவந்துவிட்டது. மருத்துவமனை எங்கள் வாடிக்கையாளர்கூட இல்லை. கருவி நிறுவனத்தைத் தாண்டி இப்படிப் பேசியது தொழிலில் பெரிய அத்துமீறல். அதை அந்த அறையில் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர் வி.ஆர்.தான். அதே பெட்டி போயிருந்த மற்ற இரண்டு இடங்களுக்கும் அங்கிருந்தபடியே பேசி முடித்துவிட்டுத்தான் தொலைபேசியைக் கீழே வைத்தார்.

கம்பெனிக்கு என்ன ஆயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவி நிறுவனம் எங்களை விட்டுப் போயிற்று. வி.ஆருக்கு வரவேண்டியிருந்த பிரிவுத் தலைவர் பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. ஓய்வு பெறும்வரை அவருக்குக் கீழேயே, முகம் சுளிக்காமல் வேலை பார்த்தார். வருத்தமா என்று நான் கேட்டதில்லை. என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. சில கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். நோயாளிகள் யாருக்கும் கெடுதல் நடக்கவில்லை என்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. எங்களுக்குத் தெரியவந்தது என்பதற்கு மேல் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

திருத்திய டிரைவரைப் போட மருத்துவமனைக்கு நானும் வி.ஆரும் போனோம். காலைச் சுற்று முடிந்து மருத்துவர்கள் போயிருந்தார்கள். பெட்டியில் ஏற்றினேன், பெரிய திரை எழுந்தது, எண்கள் வந்தன. சரியாகிவிட்டது என்று கலைச்செல்வியிடம் சொன்னேன்.

"நீங்க சொல்றீங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அவர் நிலைமை அது. "நான் பாக்கணும் இல்ல?"

வி.ஆர். உடனே, "பாக்கத்தான் வேணும்" என்றார்.

கலைச்செல்வி நேராகப் படுக்கைகளுக்குப் போனார். அங்கிருந்த சிறு திரையையும் பார்க்கவில்லை. நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். வி.ஆர். நர்ஸ் மேசையில் நின்று திரையைப் படித்தார்.

"ஒண்ணாவது பெட்டு!"

"எழுபத்தாறு."

"சரி. ரெண்டு!"

"எண்பத்தொண்ணு."

"எம்பது வருது எனக்கு. இருங்க, மறுபடி பாக்கறேன்." மறுபடி எண்ணினார். "ஆங், சரி."

இப்படியே ஒவ்வொன்றாக. ஏழாம் படுக்கையில் வேறொருவர் இருந்தார், வயதான மீனவர். தன் கையைப் பிடித்ததும், "இன்னாமா, எனுக்கு இன்னா பரீட்சையா?" என்றார்.

"உனுக்கு இல்ல நைனா, அவங்களுக்கு. பேசாம இரு."

கடைசிப் படுக்கைவரை முடித்து, முதல் படுக்கையிலிருந்து இன்னொரு சுற்றும் வந்தார். வி.ஆரின் குரல் கம்மிக்கொண்டு வந்தது. உட்காருங்கள் சார் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இரண்டு சுற்றிலும் எல்லாம் பொருந்தின.

கலைச்செல்வி மேசைக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டார். பெரிய திரையின் பக்கவாட்டில் விரலை விட்டு ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். திரையின் ஓரத்தில் ஒலியளவைக் காட்டும் கோடு ஏறியது.

"இத்தினி நாளா சவுண்ட கொறச்சி வெச்சிருந்தோம் மேடம்" என்றார் மெல்ல. "சும்மா சும்மா கத்திக்கினு இருந்துச்சா, பேஷண்டுங்க பயந்துக்கறாங்கன்னு. யாராண்டயும் சொல்லல."

வி.ஆர். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திரையில் ஐந்தாம் படுக்கை சிவப்பாகி, வார்டு முழுவதும் கேட்கும்படி அலறியது. கலைச்செல்வி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எந்தப் படுக்கை என்று மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினார்.